யாழ்ப்பாணத்து வெயிலில் எனக்குக் கிடைத்த சொல்

என் மகள் லில்லி இறந்த மூன்றாம் நாள் சாயங்காலம் நான் ஓட ஆரம்பித்தேன். அது 1934-ஆம் வருஷம், சித்திரை மாதம். விஷ ஜுரம். பதினெட்டு நாள் படுக்கையில் கிடந்தாள். பத்தொன்பதாம் நாள் விடியற்காலை போய்விட்டாள். அவளுக்கு ஒன்பது வயது. எங்களுக்கு ஒரே பிள்ளை.

சபையாரே, இதை நான் எழுந்து நின்று சொல்லியிருக்க வேண்டும். ஐந்து வருஷமாகச் சொல்ல நினைக்கிறேன். சாட்சி சொல்லும் நேரம் வரும்போதெல்லாம் பாதி எழுந்து அப்படியே உட்கார்ந்துவிடுவேன். நாலு பேர் என் முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு எழும்பாது. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் பாய்லர் ஷாப்பில் ரயில் என்ஜினுக்கு ரிவெட் ஆணி அடிக்கிறவன். அங்கே சம்மட்டிச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. எல்லாம் கை ஜாடைதான். அது எனக்கு வசதியாகவே இருந்தது. வாயால் சொல்ல முடியாததை இப்போது எழுதித் தருகிறேன். குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

லில்லியை அடக்கம் செய்த பிறகு எங்கள் குவார்ட்டர்ஸுக்கு ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எல்லாரும் நல்லவர்கள். எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். ஆறுதல் சொல்ல வந்தோம் என்றார்கள். கர்த்தர் உங்களுக்கு ஆறுதல் தருவார் என்றார்கள். ஆறுதலாக இருங்கள் என்றார்கள். அந்த மூன்று நாளில் அந்தச் சொல்லை எத்தனை தடவை கேட்டேன் என்று தெரியாது. கேட்கக் கேட்க அது வெறும் சத்தமாகிவிட்டது. எனக்கு அழுகையும் வரவில்லை. என் மனைவி ஞானம் ஓலைப்பாயில் சுருண்டு கிடந்து அழுதாள். நான் வந்தவர்களுக்கு விசிறியும் தண்ணீரும் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள் போதகர் இரண்டு மூப்பர்களோடு வாசல் வழியாக உள்ளே வந்தார். நான் கொல்லைப்புறம் வழியாக வெளியே போனேன். ஒரு பனியனும் முழங்கால் நிஜாரும்தான் உடம்பில். முதலில் நடந்தேன். பிறகு வேகமாக நடந்தேன். பாலக்கரை தாண்டியபோது ஓடிக்கொண்டிருந்தேன். காவேரிப் பாலத்தையும் தாண்டி, ஸ்ரீரங்கத்துக் கோட்டை மதில் வரை ஓடிவிட்டுத் திரும்பினேன். போக வரப் பத்து மைலுக்கு மேல் இருக்கும். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாளும் ஓடினேன். அதற்கு மறுநாளும். வேலை முடிந்து சங்கு ஊதியதும் வீட்டுக்குப் போகாமல் நேரே ஓடுவேன். வீட்டில் ஒரு நாழிகை சும்மா உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வருவேன். எல்லாரும் முழங்கால் போடும்போது நானும் போடுவேன். ஆனால் ஜெபித்ததில்லை. உள்ளே ஒன்றும் இல்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் டைம் ஆபீஸில் ரங்காச்சாரி என்று ஒரு குமாஸ்தா. ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியில் வீடு. தினம் சைக்கிளில் போய் வருகிறவர். பாலத்தின்மேல் அவர் சைக்கிளை நான் தாண்டிப் போவது வழக்கமாகிவிட்டது. ஒரு நாள் பக்கத்தில் சைக்கிளை மிதித்துக்கொண்டே வந்து கேட்டார்.

"ஓய் சாமுவேல், தினம் யாரைத் துரத்திண்டு போறீர்?"

"ஒண்ணுமில்ல சாமி. சும்மாதான்."

"சும்மாவா? இந்தச் சும்மாவை வெச்சுண்டு நீர் ரேஸ்ல ஜெயிக்கலாம் ஓய்."

அவருக்கு விளையாட்டு என்றால் பைத்தியம். தாமே போய் என் பேரைக் கொடுத்துவிடுவார். திருச்சியிலும் மதுரையிலும் மூன்று ஓட்டங்களில் முதலில் வந்தேன். நல்ல ஓட்டக்காரன் என்று பத்திரிகையில் இரண்டு வரி வந்ததாம். நான் நல்ல ஓட்டக்காரன் இல்லை. மற்றவர்கள் களைத்ததும் வேகத்தைக் குறைத்தார்கள். நான் குறைக்கவில்லை. அவ்வளவுதான். வழியில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன். குடிக்க நின்றால், நின்ற இடத்தில் துக்கம் வந்து பிடித்துக்கொள்ளும் என்ற பயம்.

1936-ஆம் வருஷம் சித்திரை மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து ரங்காச்சாரிக்கு ஒரு கடிதம் வந்தது. அங்கே பன்னிரண்டு மைல் சாலை ஓட்டம். இந்தியாவிலிருந்தும் ஆள் அனுப்பலாம். டைம் ஆபீஸில் அவர் அதைப் படித்துக் காட்டியபோது பக்கத்தில் இருந்த ஒருவர், "இந்த மாசத்துலயா? அந்த ஊர் வெயில்ல பன்னிரண்டு மைல் ஓடினா மனுஷன் செத்தே போவான்" என்றார்.

சபையாரே, மறைக்காமல் எழுதுகிறேன். அந்த வார்த்தை கேட்டதும் எனக்குப் பயம் வரவில்லை. போக வேண்டும் என்று தோன்றியது. சாக வேண்டும் என்று நான் முடிவு செய்யவில்லை. ஆனால் திரும்பி வர வேண்டும் என்ற எண்ணமும் இல்லை. வீட்டில் சாவது பாவம், ஓட்டத்தில் சாவது பாவம் ஆகாது என்று என் மனது ஒரு கணக்குப் போட்டது. சத்துருவான சாத்தான் எவ்வளவு தந்திரமாகப் பேசுவான் என்று இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

புறப்படும் அன்று ஞானம் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள்.

"போகத்தான் வேணுமாங்க?"

"பேர் கொடுத்தாச்சு."

"நான் ஒண்ணு கேக்கட்டுமா?"

"என்ன?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் மூட்டையைக் கட்டுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

"ஒண்ணுமில்ல. போயிட்டு வாங்க" என்றாள்.

ரங்காச்சாரியும் லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தார். வெளியூரில் அவர் எதுவும் சாப்பிடமாட்டார். அவல், பொரிமா மூட்டையும், திருகு மூடி போட்ட பெரிய பித்தளைக் கூஜாவில் காவேரித் தண்ணீரும் கொண்டுவந்தார். வழியெல்லாம் அந்தக் கூஜாவைக் குழந்தையைப்போல மடியில் வைத்துக்கொண்டிருந்தார். மண்டபம் என்ற ஊரில் கப்பலுக்குப் போகிறவர்களை டாக்டர் சோதித்தார். என் நாடியைப் பிடித்துக்கொண்டு, "இவர் எதுக்குப் போறார்?" என்று கேட்டார்.

"ஓடறதுக்கு சார்" என்றார் ரங்காச்சாரி.

"இந்த உடம்பை வெச்சுக்கிட்டா? ஆளைப் பார்த்தா ஆறு மாசமா பட்டினி கிடந்தவர் மாதிரி இருக்கார்."

"அதெல்லாம் வைரம் பாய்ஞ்ச கட்டை சார். நீங்க முத்திரையைக் குத்துங்கோ."

தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கி, ரயில் மாறி மறுநாள் யாழ்ப்பாணம் சேர்ந்தோம். சின்னத்தம்பி மாஸ்டர் என்ற பள்ளிக்கூட ஆசிரியர் எங்களைத் தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். அவர் சம்சாரம் "வாங்கோ, இருங்கோ" என்றதும் ரங்காச்சாரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பார்த்தீரா ஓய், ஊர் பூரா எங்காத்துப் பாஷை பேசறா!" என்று என் காதில் சொன்னார். எனக்குப் பாதிதான் புரிந்தது. தமிழ்தான், ஆனால் வேறு தமிழ். கூச்சத்தில் நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

காற்றே இல்லை. சோளகம் என்று அவர்கள் சொல்லும் தென்மேற்குக் காற்று இன்னும் தொடங்கவில்லையாம். மறுநாள் காலை ஆறு மணிக்கு ஓட்டம் ஆரம்பிப்பதாக இருந்தது. கொடி அசைக்க வேண்டிய பெரிய மனிதர் வந்து சேர்ந்தபோது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. கடலோரத்து ஊரிலிருந்து பட்டணம் வரை ஓட வேண்டும். பதினாறு பேர் நின்றோம். ரோடு சுண்ணாம்புக் கல் போட்ட வெள்ளை ரோடு. வெயில் மேலிருந்து அடித்தது போதாதென்று கீழிருந்தும் அடித்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை.

முதல் நான்கு மைல் ஒன்றும் தெரியவில்லை. வழியில் ஜனங்கள் குடத்தில் தண்ணீரும் எலுமிச்சம்பழச் சாறும் வைத்துக்கொண்டு நின்றார்கள். மற்றவர்கள் வாங்கிக் குடித்தார்கள். நான் கையை ஆட்டிவிட்டு ஓடினேன். ஆறாவது மைலில் எனக்கு முன்னால் ஒரே ஒருவர்தான். கொழும்பிலிருந்து வந்த வாலிபர், நீல நிஜார் போட்டிருந்தார். அவரும் நிற்கவில்லை. நானும் நிற்கவில்லை.

எட்டாவது மைல் தாண்டியதும் என் உடம்பில் வியர்வை நின்றுவிட்டது. கையைத் தொட்டுப் பார்த்தேன். கொதிக்கும் தோல், காய்ந்து கிடந்தது. அப்புறம் குளிர ஆரம்பித்தது. அந்த வெயிலில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. காதில் பாய்லர் ஷாப் இரைச்சல். ரோடு இரண்டாகத் தெரிந்தது. நீல நிஜார்க்காரர் முன்னால் இரண்டு பேராக ஓடினார். இதுதான் முடிவு என்று எனக்குத் தெரிந்தது. இதைத் தேடித்தானே வந்தாய் என்று உள்ளே ஒரு குரல் கேட்டது.

அப்போதுதான் பயந்தேன். இரண்டு வருஷம் கழித்து முதல் தடவையாகச் சாவுக்குப் பயந்தேன். ஞானம் தனியாக இருப்பாளே என்ற நினைப்பு வந்தது. ஜெபிக்க வேண்டும் என்றால் எனக்கு வார்த்தை இல்லை. இரண்டு வருஷமாக வாய் திறக்காதவனுக்கு என்ன வரும்? நான் வெறுத்த அந்த ஒரே சொல்தான் வந்தது. "ஆண்டவரே, ஆறுதல். எனக்கு ஆறுதல் கொடும்." அவ்வளவுதான். ஆமென்கூடச் சொல்லவில்லை.

ஒரு நூறு அடி போயிருப்பேன். இடது பக்கம் பனையோலை வேலி. வேலிப் படலையைத் திறந்துகொண்டு ஒரு பெண், இடுப்பில் குடத்தோடு, ரோட்டுக்கு ஓடி வந்தாள். என்னைப் பார்த்துக் கையை நீட்டி உரக்கக் கத்தினாள்.

"ஆறுதலா! அண்ணை, ஆறுதலா! ஆறுதலா ஓடுங்கோ!"

என் கால் நின்றுவிட்டது.

நான் நிறுத்தவில்லை. அது தானாக நின்றது. நான் யாருக்கும் கேட்காமல் மனதுக்குள் சொன்ன சொல்லை, கடல் தாண்டி வந்த ஊரில், முன்பின் பார்த்திராத ஒருத்தி என் முகத்துக்கு நேரே மூன்று தடவை சொல்கிறாள். நான் ரோட்டில் முழங்கால் போட்டேன். அவள் நான் விழுந்துவிட்டேன் என்று நினைத்து, குடத்துத் தண்ணீர் முழுவதையும் என் தலையில் கொட்டினாள். தோளைப் பிடித்து இழுத்து வேலி நிழலில் உட்காரவைத்தாள். உள்ளே ஓடி இன்னொரு குடம் கொண்டுவந்தாள்.

"உயிர் போற ஓட்டம் என்னத்துக்கு ஓடுறியள்? இந்த வெயிலுக்கை மாடுகூட நிக்காது. இந்தாங்கோ, குடியுங்கோ. ஆறுதலாக் குடியுங்கோ."

மறுபடியும் அந்தச் சொல். நான் குடித்தேன். குடித்துக்கொண்டே அழ ஆரம்பித்தேன். அடக்கத்தில் வராத அழுகை, பதினெட்டு நாள் படுக்கைக்குப் பக்கத்தில் வராத அழுகை, எல்லாம் சேர்ந்து வந்தது. சத்தம் போட்டு அழுதேன். கூச்சம் பார்க்கவில்லை. அவள் பயந்துபோனாள்.

"ஐயோ, ஏன் அழுறியள்? எங்கை நோகுது?"

"என் புள்ள செத்துப்போச்சும்மா."

"எப்ப? இண்டைக்கோ?"

"ரெண்டு வருஷமாச்சு."

அவள் தன் சேலைத் தலைப்பால் எனக்கு விசிறிக்கொண்டே மெல்லக் கேட்டாள்.

"அப்ப, ரெண்டு வருஷமா ஓடுறியளோ?"

ஆம் என்று தலையை ஆட்டினேன்.

பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக எங்களைத் தாண்டிப் போனார்கள். அரை மணி கழித்து என்னைத் தேடிக்கொண்டு ரங்காச்சாரி ஒரு குதிரை வண்டியில் வந்து குதித்தார். என்னைக் கண்டதும் வாயில் அடித்துக்கொண்டார். கூஜாவைத் திருகித் திறந்து, அவர் ஒரு சொட்டுகூட வீணாக்காமல் வைத்திருந்த காவேரித் தண்ணீரை என் தலையிலும் மார்பிலும் ஊற்றித் தேய்த்தார். "சாமி, உங்களுக்குக் குடிக்க?" என்றேன். "சும்மா இரும் ஓய்!" என்று அதட்டினார். அதற்குப்பின் பொன்மலை சேரும்வரை அவர் இளநீரிலேயே காலம் தள்ளினார்.

நீல நிஜார் போட்ட வாலிபர் பதினோராம் மைலில் விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நினைவு திரும்பவில்லை. மறுநாள் இறந்துவிட்டார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்த டாக்டர், "நீரும் இன்னும் ஒரு மைல் போயிருந்தால் பக்கத்துக் கட்டிலில் கிடந்திருப்பீர்" என்றார். அந்த வாலிபரைக் கர்த்தர் ஏன் நிறுத்தவில்லை, என்னை மட்டும் ஏன் நிறுத்தினார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்த வாலிபருடைய தாயாருக்காக இன்றைக்கும் ஜெபிக்கிறேன்.

ஓட்டம் நடந்த அன்று சாயங்காலமே மாஸ்டர் வீட்டில் நடந்ததைத் திக்கித் திக்கிச் சொன்னேன். ஆறுதல் கேட்டேன், ஆறுதல் என்று குரல் வந்தது என்றேன். மாஸ்டர் முதலில் கவனமாகக் கேட்டார். பிறகு அவரையும் மீறிச் சிரித்துவிட்டார்.

"குறை நினையாதேங்கோ. எங்கட ஊரிலை ஆறுதலா எண்டால் மெதுவா எண்டு அர்த்தம். அந்தப் பிள்ளை உங்களை மெதுவா ஓடச் சொல்லியிருக்கு. அவ்வளவுதான்."

எனக்கு முகத்தில் அடித்ததுபோல இருந்தது. உள்ளே ஏற்றிவைத்த விளக்கை ஊதி அணைத்த மாதிரி இருந்தது. நான் கேட்டது ஒன்று, அவள் சொன்னது வேறு. அப்படியானால் பதில் வரவில்லையா? என் காதுதான் ஏமாந்ததா? திரும்பும் வழியெல்லாம் இதே குழப்பம். கப்பலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்து நின்றேன். ரங்காச்சாரி என் பக்கத்தை விட்டு அசையவில்லை. ஏதாவது கேட்டால் "காத்து வாங்கறேன் ஓய்" என்பார். இரண்டு கையாலும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் காற்று வாங்கினார்.

பொன்மலை வந்து சேர்ந்தபோது காலை பத்து மணி. ஞானம் அடுப்படியில் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். நான் போய் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். அவள் அரிவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். ஒன்று விடாமல் சொன்னேன். சாகலாம் என்று நினைத்ததையும் சொன்னேன். மாஸ்டர் சிரித்ததையும் சொன்னேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள். "எனக்கும்தான் புள்ள போச்சு. நீங்க என்னை மட்டும் தனியா விட்டுட்டு ஓடிட்டீங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த வார்த்தைக்கு நான் இரண்டு வருஷம் பயந்திருக்கிறேன். அதற்குத்தான் ஓடினேன் என்று அப்போது தெரிந்தது.

"நீங்க ஓட ஆரம்பிச்சதுலேருந்து தினம் ஒரே ஜெபம்தான்" என்றாள். "நீங்க ஜெயிக்கணும்னு கேக்கல. உங்களுக்கு ஆறுதல் குடுக்கணும்னுகூட எனக்குக் கேக்கத் தோணல. ரெண்டு வருஷமா ஒண்ணேதான். இவர் எங்கேயாவது நிக்கட்டும், ஆண்டவரே. கொஞ்சம் மெதுவா ஆக்கும்."

நான் சட்டென்று நிமிர்ந்தேன். அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நான் ஆறுதல் கேட்டேன். அவள் மெதுவாக்கும் என்று கேட்டாள். திருச்சியில் அவை இரண்டு சொல். இரண்டும் ஒரே சொல்லாக இருக்கிற ஊருக்கு என்னைக் கொண்டுபோய், ஒரே தடவையில் இரண்டு ஜெபத்துக்கும் கர்த்தர் பதில் கொடுத்தார். அந்த மாஸ்டர் சிரித்திராவிட்டால் என் ஜெபத்துக்கு மட்டும்தான் பதில் வந்தது என்று சாகும்வரை நினைத்திருப்பேன். அவருக்காகவும் ஸ்தோத்திரம்.

அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் லில்லியைப் பற்றிப் பேசினோம். அவள் பேரைச் சொல்லியே இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பேசினோம், அழுதோம், கத்தரிக்காய் கறுத்துப்போனது. துக்கம் போய்விட்டதா என்றால், இல்லை. இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் அது இருக்கிற வீட்டில் என்னால் உட்கார முடிகிறது. வேலை முடிந்தால் நேரே வீட்டுக்கு வருகிறேன். ஜெபிக்கிறேன். நீளமாக வராது. இரண்டு வார்த்தை, மூன்று வார்த்தை. போதும் என்று அறிந்துகொண்டேன்.

சபையாரே, உங்களில் யாராவது என்னைப்போல இருக்கலாம். முழங்காலில் நிற்கிறீர்கள், உள்ளே ஒன்றும் வருவதில்லை. யாரிடமும் சொல்ல வெட்கம். அப்படியானவர்களுக்காகவே இந்தக் கூச்சக்காரன் பேனா பிடித்தேன். உங்களுக்குத் தெரிந்த ஒரே ஒரு சொல்லையாவது அவரிடம் கேளுங்கள். அது உங்களுக்கே பிடிக்காத சொல்லாக இருந்தாலும் பரவாயில்லை. அதுவும் முடியாவிட்டால், இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் உங்கள் வீட்டாரின் எதிரில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். உட்கார்ந்து, "எனக்காக நீ என்ன கேட்டுக்கிட்டிருக்க?" என்று கேட்டுப்பாருங்கள்.